குழல் வாயில் பூத்த உப்பு

நான் பிறந்தது கிளியனூரில். எங்கள் வீட்டில் கடப்பாரை, மண்வெட்டி, கோணல்மாணலாக ஒரு சைக்கிள் எல்லாம் இருந்தன. மரக்காணத்தில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் துப்பாக்கி இருந்தது. உப்பளம் இருக்கிறது, ஒரே பையன், மாமியார் கிடையாது என்று நல்ல நல்ல விஷயங்களாக எடுத்துச் சொன்ன தரகர், இதை மட்டும் விழுங்கிவிட்டார்.

கூடத்துச் சுவரில் இரண்டு மர முளைகள் அடித்து அதைப் படுக்க வைத்திருந்தார்கள். நீளமான பழைய துப்பாக்கி. வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் இடித்துத்தான் சுட வேண்டும். அதன் குழல் சமையலறை வாசலைப் பார்த்தபடி இருந்தது. அந்த நேர்கோட்டில் அந்த வீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள், நிற்கவும் மாட்டார்கள். கல்யாணமான புதிதில் நான் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டேன். என் வீட்டுக்காரர் அதைத் தூக்கி எதிர்ச் சுவரோரம் வைத்தார். டிவியும் அதற்காகத்தான் மூலையில் முடங்கிக் கிடந்தது. கொஞ்ச நாளில் என் உடம்பும் பழகிவிட்டது. சோற்றுப் பானையோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தால், நான் நினைக்காமலே என் கால் ஒதுங்கி, எதிர்ச் சுவரை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றித்தான் கூடத்துக்குப் போகும்.

துப்பாக்கியின் கதையைச் சொல்வதில் மாமனாருக்குத் தனி ருசி. அவருடைய தாத்தாவுக்கு அதைக் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்கார உப்பு அதிகாரி. அந்தக் காலத்தில் உப்பு சர்க்காருடையது. கழிவெளி என்கிற உப்புத் தண்ணீர் ஏரி ஓரத்தில் தானாகப் பூக்கிற உப்பை ஒரு கை அள்ளினாலும் திருட்டு. வெள்ளைக்காரன் எத்தனை வரப்பில் நிற்பான்? அதனால் ஊரிலேயே ஓர் ஆளைப் பிடித்து, கையில் துப்பாக்கியைக் கொடுத்து நிறுத்திவிட்டான். அதிலிருந்து நாங்கள் துப்பாக்கிக்காரர் வீடு. நாட்டுக்காரன் கையில் துப்பாக்கி இருந்தால் அவன் ஒன்று சிப்பாய், இல்லாவிட்டால் துரைக்கு வேண்டியவன், இரண்டும் இல்லாவிட்டால் குற்றவாளி என்பார் மாமனார். தாத்தா இரண்டாவது ரகம் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. சுட்டதெல்லாம் நாரையையும் நரியையும்தான், மனிதனை இல்லை என்று கடைசியில் கட்டாயம் சேர்த்துக்கொள்வார். யாரும் கேட்காமலே ஏன் இதைச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

மாமனாருக்குப் புதுச்சேரியில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருந்தார். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து ஆப்பிரிக்காவில் காவல் நின்றவர். அவர்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். இரண்டாயிரத்து நாலு பொங்கலுக்கு வந்தவர், எல்லோரையும் போல ஒதுங்கிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து, துப்பாக்கியை வெகுநேரம் பார்த்தார். தங்களுக்கு உதவாத இந்த ஓட்டை ரகங்களை வெள்ளைக்காரன் கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவுக்கு ஏற்றியதாகச் சொன்னார். தனக்கு வேண்டிய ஊர்த் தலைவன் கையில் ஒன்றைக் கொடுப்பானாம், மருந்தை மட்டும் அளந்து அளந்து தருவானாம். அப்படித் துப்பாக்கி வாங்கிய வீட்டுப் பக்கம் ஊர்ச் சனம் நேராக நடக்காது, சுற்றித்தான் போகும் என்றார். "உங்க வீட்லயும் அப்படித்தான் சுத்திக்கினு போறீங்க" என்று சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. நானும்தான்.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. மழைக்காலம் முடிந்து, பாத்தி கட்டி, உப்பு விளைந்து, முதன்முதலாக வாருகிற காலையில் மாமனார் வெள்ளை வேட்டி கட்டித் துப்பாக்கியோடு வரப்புக்குப் போவார். உப்பு வாரும் கூலிப் பெண்கள் எல்லாம் பலகையும் கூடையுமாக வரிசையில் நிற்பார்கள். அவர்கள் கண் முன்னாலேயே மருந்து கெட்டித்து, கழிவெளிப் பக்கம் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். அது வெடிக்காமல் ஒருத்தியும் பாத்தியில் கால் வைக்க மாட்டாள். வெடித்த பிறகு, அந்தப் பெண்களுக்கெல்லாம் மூத்தவரான ஓர் அம்மா வந்து, ஒரு சிட்டிகை உப்பை எடுத்துக் குழல் வாய்க்குள் போடுவார். விளைச்சல் பெருக அப்படிச் செய்கிறார்கள் என்றார் என் வீட்டுக்காரர். அந்த உப்பால் குழல் துருப்பிடிக்கிறது என்று மாமனார் வருஷம் முழுக்க முனகிக்கொண்டே எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஆனால் போடாதே என்று அந்த அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருஷம் எம்.பி. எலெக்ஷன் வந்தது. எலெக்ஷன் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். மாமனார் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதுபோலக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, துப்பாக்கி வடிவத்திலேயே தெரிந்தது. அப்பாடா, இனிமேல் நேராக நடக்கலாம் என்று நினைத்தேன். சோற்றுப் பானையோடு வந்தேன். கால் ஒதுங்கித்தான் போயிற்று. பிடிவாதமாக நடுவில் வந்து நின்றும் பார்த்தேன். பட்டப்பகல், வெளியே வெயில் கொளுத்துகிறது, வீட்டில் யாருமில்லை. இரண்டு எண்ணுவதற்குள் பானையோடு சுவரோரம் போய்விட்டேன். இல்லாத துப்பாக்கிக்குப் பயந்து ஒதுங்கினேன் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புதான் வரும். எலெக்ஷன் முடிந்து அது திரும்பி வந்து சுவரில் ஏறியபோது, சனியன் கண்ணெதிரே இருப்பதே தேவலை என்றுகூடத் தோன்றியது.

அந்த மார்கழியில் கடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் திண்டிவனம் போயிருந்தார். தோசைக்கல்லைப் போட்டிருந்தேன். வெளியே ஏதோ இரைச்சல். மழையும் இல்லை, காற்றும் இல்லை. பின்கட்டுக்கு வந்து பார்த்தால், எங்கள் அளத்துக்குள், பாத்தி வரப்பு என்று பார்க்காமல், கிழக்கிலிருந்து சனம் ஓடி வருகிறது. யாரும் கத்தவில்லை. ஓடும் கால்களின் சத்தம் மட்டும் சேற்றில் சளக் சளக்கென்று கேட்டது. அவ்வளவு பேர் சத்தமில்லாமல் ஓடிவந்ததை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

அவர்களுக்கு எதிரே வரப்பில் மாமனார் நின்றிருந்தார். துப்பாக்கி தோளுக்கு ஏறியிருந்தது.

என்ன ஏது என்று அவருக்கும் தெரியாது. அளத்துக்குள் கூட்டமாக ஆள் நுழைந்தால் திருடன் என்பதுதான் அந்த வீட்டுப் பாடம். மூன்று தலைமுறையாக அது மாறவில்லை. "மாமா!" என்று கத்தினேன். திரும்பவில்லை. முன்னால் வந்தவர்கள் குழலைப் பார்த்துவிட்டு நின்றார்கள். பின்னால் கடல், முன்னால் துப்பாக்கி. ஈரத் துணியும் சேறுமாக, கையில் பிள்ளைகளோடு நின்றார்கள். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு துப்பாக்கி மெதுவாகத் தாழ்ந்தது. மாமனார் உள்ளே வந்தார், அதைச் சுவரில் வைத்தார், திரும்பிப் போய்ப் படலைத் திறந்துவிட்டார். அன்றும் அடுத்த நாட்களிலும் எங்கள் உப்புக் கொட்டகையில்தான் பலர் தங்கினார்கள். நான் கஞ்சி காய்ச்சினேன், மாமனாரே குவளையில் மொண்டு கொடுத்தார். ஒருவர் முகத்தையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெறும் துப்பாக்கியைத்தான் நீட்டினார், சும்மா மிரட்டல், என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பொங்கல் முடிந்த வாரத்தில் மாமனாருக்கு வாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கூடத்தில் கட்டில் போட்டோம், துப்பாக்கியின் கோட்டுக்கு விலக்கித்தான். வலது கை மரக்கட்டையாகக் கிடந்தது, ஆள்காட்டி விரல் மட்டும் அடங்கவில்லை. மடங்கும், நிமிரும், மடங்கும். போர்வைமேல் நாள் முழுக்க அதே வேலை. நரம்பு இழுக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அவருக்கென்ன, ஃபீஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த விரலோடு ஒரே கூடத்தில் இருக்க வேண்டியவள் நான். எனக்கு அந்த விரலைக் கண்டால் பயம்.

கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றை அள்ளிப் பாத்திகளைத் திரும்பக் கட்டி, அந்த வருஷம் உப்பு விளையப் பங்குனி ஆகிவிட்டது. முதல் வாரலுக்கு வெடிக்க வேண்டியது இனி என் வீட்டுக்காரர். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதானே, இதென்ன பெரிய வித்தை என்றார். அப்பாவின் வெள்ளை வேட்டியையே எடுத்துக் கட்டிக்கொண்டார். சுவரிலிருந்து அவர் துப்பாக்கியை எடுத்தபோது மாமனாரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது பேச்சும் இல்லை, அழுகையும் இல்லை. விரல் விடாமல் மடங்கி நிமிர்ந்தது. பையன் பொறுப்புக்கு வந்துவிட்ட சந்தோஷம் என்று என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுப் பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லைதான். ஆனாலும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.

உப்பளத்தில் வெயில் ஏறிவிட்டால் மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. நிழல் என்பதே இருக்காது. பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். என் வீட்டுக்காரர் துப்பாக்கியை நிமிர்த்தி, மருந்து டப்பாவைத் திறந்து குழல் வாயருகே கொண்டுபோனார். அப்போது அந்த மூத்த அம்மா வரிசையை விட்டு வந்து, டப்பாவின் மேல் கையை வைத்து மூடினார்.

"சின்ன மொதலாளி, உள்ள மருந்து இருக்குது. மேல போடாதீங்க. வெடிச்சிடும்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். அப்பா விழுந்து ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது, யார் போட்டிருப்பார்கள் என்று கேட்டார்.

"கடல் வந்த அன்னிக்கு அவருதான் போட்டாரு. மீன் வாங்கப் போன நான், பேத்திய இடுப்புல வெச்சுக்கினு ஓடியாறேன். இதே வரப்புல நின்னு இடிச்சிக்கினு இருந்தாரு. அப்பறம் தூக்கி எங்கள பாத்து நீட்டினாரு."

சொன்னதில் கோபமே இல்லை. கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் கம்பியை எடுத்துக் குழலுக்குள் விட்டார். வெறும் குழலாக இருந்தால் அடியில் போய் டங்கென்று கேட்கும். பொத்தென்று நின்றது. கம்பியில் விரலால் அடையாளம் பிடித்து, வெளியே உருவிக் குழலின்மேல் வைத்துப் பார்த்தார். அடிவரை போகவில்லை. ஒரு சாண் குறைந்தது. அந்த ஒரு சாணும் மருந்தும் ஈய ரவையும்தான். இரண்டாவது மருந்தும் மேலே ஏறியிருந்தால், துருப்பிடித்த அந்தக் குழல் அவர் முகத்துக்கு நேராகத்தான் பிளந்திருக்கும். இத்தனை நாளாக அது இருந்த கூடத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம், டிவி பார்த்தோம்.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சரி, உள்ளே இருப்பதையே சுட்டுவிடுகிறேன் என்று அவர் துப்பாக்கியைத் தூக்கினார். அந்த வீட்டு ஆண்களின் புத்தி அப்படி. ஆள் பார்க்கப் பின்வாங்க மாட்டார்கள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். உப்புக் காற்றில் ஊறிய குழல், முகம் போய்விடும், என்று கெஞ்சினேன். சுடாவிட்டால் இவர்கள் இறங்க மாட்டார்கள், சீசன் போய்விடும் என்றார். அப்போதும் அந்த அம்மாதான் பேசினார்.

"சுட வேணாங்க. காலியானா போதும்."

என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. வெடி வெடிப்பது காலங்காலமாக உள்ள சாஸ்திரமாயிற்றே என்றார்.

"அது ஒங்களுக்கு. எங்க தாத்தாவோட அண்ணன் கழிவெளி ஓரத்துல குனிஞ்சி உப்பு அள்ளிக்கினு இருந்தாரு. முதுகுல சுட்டாங்க. ஒங்க வீட்டு ஆளு, இதே துப்பாக்கி. அதுக்கப்பறம் யாரும் குனிய மாட்டேன்னுட்டாங்க. எங்க கண்ணு முன்னால வெடிச்சிக் காலி பண்ணு, அப்பறம் குனியிறோம்னாங்க. வேல நடக்கணுமேன்னு தொரையும் சரின்னுட்டான். உப்பு போடறதும் அதுக்குத்தான். உப்பு ஈரத்துல மருந்து நமுத்துடும், மறுபடியும் போட மாட்டாங்கன்னுதான்."

விளைச்சல் பெருகப் போடுகிறார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மாமனாருக்குத் தெரிந்திருக்கும். தெரியாமலா, துருப்பிடிக்கிறது என்று முனகிக்கொண்டே வருஷா வருஷம் குழலை நீட்டிக்கொண்டு நின்றார்? எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. வெட்கமும் கோபமும் சேர்ந்த அழுகை.

அந்த அம்மா ஒரு தகர டப்பாவில் பாத்தித் தண்ணீரை மொண்டு வந்தார். உப்பு விளையும் பதத்தில் இருந்த கெட்டித் தண்ணீர். என் வீட்டுக்காரர் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்தார். அந்த அம்மா குழல் நிரம்பி வழியும்வரை ஊற்றினார். உள்ளேயிருந்து குமிழி வந்தது. ஒன்று, பிறகு ஒன்று. ஒரு சாண் மருந்துக்குள் அவ்வளவு காற்று எங்கேயிருந்து வரும்? நின்றுவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் இன்னொன்று வந்து வாயில் உடைந்தது. எல்லாப் பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மூச்சு அடங்குவதைப் பார்ப்பதுபோல இருந்தது. கடைசிக் குமிழி உடைந்து வெகுநேரம் கழித்து, அந்த அம்மா பாத்தியில் இறங்கிக் குனிந்தார். அவருக்குப் பின்னால் எல்லோரும்.

துப்பாக்கியைத் திரும்பச் சுவரில் வைத்தோம். வேறு எங்கே வைப்பது? அன்றிலிருந்து அது உப்புப் பூக்க ஆரம்பித்தது. காற்றில் ஈரம் ஏறும்போது குழல் வாய் வேர்க்கும், வெயில் ஏறினால் அந்த வேர்வை வெள்ளையாக உறையும். துடைத்து எறிவேன். அடுத்த நாள் கொஞ்சம் நீளமாகவே வளர்ந்து நிற்கும். கெட்டித்துப்போன மருந்தை உருவ ஆள் தேடினோம், ஒருவரும் தொட மாட்டேன் என்றுவிட்டார்கள். மாமனார் கட்டிலில் கிடந்தபடி அந்த வெள்ளையையே பார்ப்பார், விரல் மடங்கி நிமிரும். சில நாள் அந்தத் துப்பாக்கிதான் அவரைப் பார்ப்பதாக எனக்குத் தோன்றும். சாம்பிராணி போட்டுப் பார்த்தேன். ஒரு பிரயோசனமும் இல்லை.

அடுத்த ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. பாத்தி எல்லாம் நல்ல தண்ணீரில் மூழ்கி, உப்பு விளைய மறுபடியும் தாமதம். அதற்குள் அசெம்பிளி எலெக்ஷன் வந்துவிட்டது, துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போயிற்று. அங்கே கான்ஸ்டபிள் அதைச் சாய்த்ததும் மேஜைமேல் பழுப்பு நிறத்தில் உப்பு உதிர்ந்ததாம். இது துப்பாக்கியா, ஊறுகாய் ஜாடியா என்று கேட்டாராம். எலெக்ஷன் முடிந்து எடுத்துப்போக வருவீர்களா என்றதற்கு, என் வீட்டுக்காரர் ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் வாரல் காலை. பெண்கள் வரப்பில் வந்து நின்றார்கள். துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது, அதில் சுடவும் முடியாது, நீங்களே பார்த்ததுதானே, இறங்குங்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். யாரும் அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் புரியவில்லை. துப்பாக்கிதான் போய்விட்டதே, இன்னும் எதைக் காலி பண்ண வேண்டும் என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அந்த மூத்த அம்மா வரப்பிலிருந்து இறங்கி எங்கள் வீட்டைப் பார்த்து நடந்து வந்தார். பின்கட்டைத் தாண்டி அதுவரை அவர் உள்ளே வந்ததில்லை, நாங்களும் வரச்சொன்னதில்லை. பின்வாசலில் நின்று, "பெரியவர பாக்கணும்" என்றார்.

சமையலறை வழியாக உள்ளே வந்தார். ஒதுங்கவில்லை. அந்தக் கோட்டின் நடுவிலேயே நேராக நடந்து வந்தார். அப்படி ஒருவர் நடந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். என்னையறியாமல், "பாத்து வாங்கம்மா" என்று வாயில் வந்துவிட்டது. அவர் திரும்பவில்லை.

கட்டிலருகே நின்று மாமனாரைப் பார்த்தார். மாமனாரும் பார்த்தார். கொட்டகையில் கஞ்சி மொண்டு கொடுத்த நாட்களில் நிமிராத கண்கள் அவை. விரல் மடங்கியது, நிமிர்ந்தது. அந்த அம்மா குனிந்து அந்த வலது கையைத் தூக்கினார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, குழலுக்குள் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அந்தக் கைக்குள் வைத்து மூடினார். விரல் அதன்மேல் மடங்கியது. நிமிரவில்லை.

மாமனாரின் கண்ணோரம் நனைந்திருந்தது. துடைக்க அவர் இடது கையை எடுக்கவில்லை. நான் துடைத்தேன்.

அந்த அம்மா வந்த வழியே நேராக வெளியே போனார். வரப்பில் நின்றவர்களைப் பார்த்து, "காலிதான்" என்றார். பெண்கள் பாத்தியில் இறங்கிக் குனிந்தார்கள்.